கோழிகளுக்காக மூன்று நிமிடம்

இனி நான் எழுதப்போவது முழுக்க நடந்ததுதானா, இல்லை ஊர் சொல்லிச் சொல்லி எனக்குள் படிந்துபோனதா என்று எனக்கே இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அந்த மாலை நகர்மன்றத்தில் நான் செய்ததை முன்கூட்டியே யோசித்து, திட்டம் போட்டுச் செய்ததாக எங்கள் ஊரான மெர்ரிட்டனில் எல்லோரும் சொல்கிறார்கள். முடிவெட்டும் கடையில், சர்ச் வாசலில், எங்கே போனாலும் அதே கதைதான். இத்தனை பேர் இத்தனை உறுதியாகச் சொல்லும்போது, ஒருவேளை அப்படித்தான் இருந்ததோ என்று சில காலைகளில் எனக்கும் தோன்றுகிறது. மார்ஜீனிடம் கேட்டால் சிரித்துவிட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள். கோழிகளின் பெயர்கள் மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் நினைவிருக்கின்றன. பிஸ்கட், மஃபின், பேன்கேக், மிஸ் உல்ரிக்.

முதல் மூன்றும் சாதுக்கள். மிஸ் உல்ரிக் கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்டவள். மார்ஜீனுக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயர் அது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்புக் கண்டுபிடிக்கவே வகுப்பைச் சுற்றிவருவாராம். கோழியும் அப்படித்தான் நடக்கும்.

மார்ஜீன் டோலஃப்சன் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்த வீட்டை வாங்கி வந்த முதல் வசந்தத்திலேயே பின்பக்கம் லைலாக் புதருக்குப் பின்னால் ஒரு கூடு கட்டினாள். ஊர் எல்லைக்குள் கோழி வளர்க்கக் கூடாது என்று எங்கள் நகரத்தில் சட்டம் இருந்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வீட்டு வாசலிலும் அவ்வப்போது அரை டஜன் பழுப்பு முட்டை இருக்கும். அதனால் யாரும் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

நான் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் வேலை பார்க்கிறேன். திருமணம் செய்துகொள்ளாமலே இருந்தேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட என்னால் முடியும். அது எனக்குக் குறையாகத் தோன்றியதும் இல்லை. வீட்டில் வானொலி கிடையாது. புத்தகமும் நாற்காலியும் ஜன்னலும் போதும் என்று இருந்தவன். மார்ஜீன் குடிவந்த பிறகு காலை மட்டும் மாறிவிட்டது.

பேருந்தை எடுக்கப் போகுமுன் அவள் கூட்டைத் திறந்துவிடுவாள். திறக்கும்போது பேசுவாள். வானிலை, பேருந்தில் யாரோ சீட்டில் ஒட்டிவைத்த சூயிங்கம், முந்தின நாள் தொலைக்காட்சியில் பார்த்த சமையல், எல்லாவற்றையும் கோழிகளிடம் ஒப்பிப்பாள். இடையிடையே அவை தொண்டைக்குள்ளேயே ஏதோ சொல்லும். கேள்வி கேட்பது போல இருக்கும். அவளும் பதில் சொல்வாள். நான் சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, காபிக் கோப்பையோடு அங்கேயே நிற்பேன். குளிர்காலத்திலும் திறந்துவைத்தேன். வெப்பமூட்டிக்கான செலவு ஏறியது. ஏன் ஏறுகிறது என்று எரிவாயுக் கம்பெனிக்காரன் வந்து பார்த்தபோதுகூட நான் காரணம் சொல்லவில்லை.

அவளிடமும் சொன்னதில்லை. வேலிக்கு இப்பக்கமிருந்து கையசைப்பேன். அவளும் அசைப்பாள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஆகஸ்டு முடியும் தறுவாயில் யாரோ புகார் கொடுத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊரில் நேருக்கு நேர் யாரும் யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெயர் போடாமல் நகராட்சிக்கு ஃபோன் செய்வார்கள், அப்புறம் அதே ஆளிடம் போய்ப் புல்வெட்டும் இயந்திரம் இரவல் கேட்பார்கள்.

நகராட்சி ஆய்வாளர் டுவேன் வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். அவரும் அந்த முட்டையைத் தின்றவர்தான். அக்டோபர் முடியும்வரை நேரம் தருவதாகவும், அதற்குள் கோழிகள் போக வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் போக வேண்டும் என்றும் சொன்னார். சட்டம் எங்கே போகும் என்று மார்ஜீன் கேட்டாள். நகர்மன்றத்தில் ஓட்டெடுத்தால் போகும் என்றார் அவர்.

நான் அப்போது வேலியருகே விழுந்த ஆப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே பொறுக்கி முடித்த இடத்தையே மறுபடி பொறுக்கினேன் என்று நினைக்கிறேன்.

டுவேன் போனதும் மார்ஜீன் வேலிக்கு வந்தாள்.

"கேட்டீங்களா ஓரின்?"

கேட்டேன் என்று தலையசைத்தேன்.

"இதுகளைக் குடுத்துட்டு நான் இங்க இருக்க மாட்டேன். என் தங்கச்சிக்கு டெக்கோரா பக்கத்துல பண்ணை இருக்கு. எப்ப வர்றே எப்ப வர்றேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. கோழி போனா நானும் போறேன். பஸ் எங்க வேணா ஓட்டலாம்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆப்பிள் வேண்டுமா என்று கேட்டேன்.

அடுத்த வாரமே இயக்கம் தொடங்கிவிட்டது. தொடங்கியவர் பெட்டினா க்ரல். வீடு வாங்கி விற்கும் தரகர். நீச்சல் குளத்தருகே வண்டிகள் நின்று போக ஒரு பலகை வேண்டுமென்று போராடி வாங்கியவர். அது கிடைத்த பிறகு போராட வேறொன்றும் இல்லாமல் இருந்தார். மார்ஜீனின் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. கையெழுத்து வாங்க ஒரு குழு, பத்திரிகைக்கு எழுத ஒரு குழு, நகர்மன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேச ஒரு குழு. என் முறை வந்ததும் பெட்டினா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேசாத வேலை எதெல்லாம் இருக்கோ அதெல்லாம் ஓரினுக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான பங்கீடுதான்.

அப்படித்தான் வாசல்களில் நடும் பலகைகளுக்கெல்லாம் நான் கோழி வரைந்தேன். எனக்கு வரைய வராது. முதலில் வரைந்தவை வாத்து மாதிரி இருந்தன. வாத்து வளர்க்கவும் இயக்கமா என்று தபால்காரர் கேட்டார். பிறகு மிஸ் உல்ரிக்கைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அவள் நின்று காட்டினாள். அந்தப் பலகைகளில் இருந்த கோழிகள் எல்லாமே யாரையோ கண்டிப்பது போல இருந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு வேலையும் எனக்கு வந்தது. எங்கள் ஊரில் ஆகஸ்டு வந்தால் தோட்டம் போட்டவர்கள் வீட்டில் வெள்ளரி மாதிரி நீளமான சுக்கினிக் காய் குவிந்துவிடும். யாருக்கும் கொடுத்து மாளாது. வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு சர்ச்சுக்குள் போனால், திரும்பி வரும்போது இருக்கையில் மூன்று சுக்கினி உட்கார்ந்திருக்கும். அதை யாரும் பரிசு என்று நினைப்பதில்லை. மழை பெய்தால் நனைவது மாதிரிதான். ஆகவே நகர்மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர் வீட்டு வாசலிலும் ஒரு டஜன் முட்டை வைத்தால் என்ன என்று மார்ஜீன் சொன்னபோது, அந்த ஷெட்டில் இருந்த ஒருவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சாப்பிட்டுப் பார்க்கட்டும், அப்புறம் அவர்களுக்கே புரியும் என்றார்கள். மணி அடித்துப் பேச வேண்டியதில்லை, வாசலில் வைத்துவிட்டு வந்தால் போதும். அந்த வேலையும் எனக்கே.

நான்கு வீடுகளில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். ஐந்தாவது ஆர்டித் குவாமின் வீடு. குனிந்து அட்டைப்பெட்டியைப் படியில் வைக்கும்போது கதவு திறந்தது.

ஆர்டித் எழுபதைத் தாண்டியவர். ஒல்லி, நேர் முதுகு. கோழிக்கு எதிராக அவர்தான் நிற்கப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அட்டைப்பெட்டியைத் திறந்து முட்டைகளைப் பார்த்தார். மூடி என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார். "பண்ணைல பொறந்தவ நான். எங்க வீட்ல ஆறு பேர். மத்தவங்களுக்கு மாடு, குதிரை, டிராக்டர். எனக்கு மட்டும் கோழிக்கூடு. சனிக்கிழமை ஆச்சுன்னா சுரண்டணும். மத்த புள்ளைங்கெல்லாம் டவுனுக்குப் படம் பாக்கப் போவாங்க, நான் சுரண்டிக்கிட்டு இருப்பேன். எதுக்கு டவுனுக்கு வந்தேன்னு நெனைக்கிறீங்க?"

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த சனிக்கிழமைகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுக்க ஒரு வாசனையிலிருந்து தப்பி ஓடியிருக்கிறார். அது இப்போது லைலாக் புதருக்குப் பின்னாலிருந்து அவரைத் தேடி வருகிறது.

செப்டம்பரில் முதல் கூட்டம். மன்றம் நிறைந்திருந்தது. மேயர் கெய்லர்ட் வழக்கம்போலக் கூட்டத்தைத் தொடங்கி, வழக்கம்போல அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்றைய விஷயங்களில் எதிலாவது தனக்குச் சொந்த ஆதாயம் இருப்பதாக எந்த உறுப்பினருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்ற கேள்வி. அவர் அதைக் காகிதத்திலிருந்து தலை நிமிராமல் படிப்பார். யாரும் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வரிக்கு அவர் போய்விட்டார்.

"மேயர்," என்று லைல் பெக்ஸ்ட்ரம் எழுந்தார். ஊரில் இறுதிச் சடங்கு நடத்தித் தரும் நிறுவனம் அவருடையது. பொய் சொல்ல வராத மனிதர். சவப்பெட்டி வாங்க வருபவர்களிடம்கூட மலிவானதே போதும் என்பார். "நான் ஆம்லெட் சாப்பிட்டேன்."

யார் கொடுத்த முட்டை என்று நகராட்சி வக்கீல் கேட்டார். வாசலில் இருந்தது, பெட்டியில் மார்ஜீன் வீட்டு முகவரி இருந்தது என்றார் லைல். முகவரியை எழுதியவன் நான். காலி அட்டைப்பெட்டியைத் திருப்பித் தருவார்கள் என்பதற்காக எழுதினேன்.

லைல் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்? இன்னொருவர் எழுந்து, தன் மனைவி நூடுல்ஸ் பிசைந்ததாகச் சொன்னார். மூன்றாமவர் கேக் என்றார். கடைசியில் மேயரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரெண்டு அவிச்சது, மத்ததெல்லாம் இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு என்றார்.

வக்கீல் இளைஞர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மனு கொடுத்தவரிடமிருந்து பொருள் வாங்கியவர்கள் அந்த மனுவில் ஓட்டுப்போட முடியாது என்று கஷ்டப்பட்டுச் சொன்னார். ஐந்து பேரில் நான்கு பேர் எழுந்து வெளியே போனார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் ஆர்டித் குவாம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களை ஒருமுறை பார்த்தார். உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை. மார்ஜீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடியில் கைகளைக் கோத்து, பேருந்தில் பிள்ளைகள் அடங்கும்வரை காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் தோஷம் தீரும் என்று வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். தின்ற முட்டையை எப்படித் திருப்புவது? அதே அளவு முட்டை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று முடிவானது. அந்த வாரம் நான்கு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மார்ஜீன் வீட்டு வாசலில் கடையில் வாங்கிய வெள்ளை முட்டைகளை வைத்துவிட்டுப் போயின. எல்லோரும் ஆளுக்கு ஒரு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேயர் மட்டும் மிச்சமிருந்த பழுப்பு முட்டைகளையே கொண்டுவந்தார், இரண்டுக்கு மட்டும் வெள்ளை. கொடுக்கும்போது முகத்தில் வருத்தம் இருந்தது.

கோழி வளர்க்கும் பெண் வீட்டில் கடை முட்டை மலையாகக் குவிந்துகிடந்தது. மிஸ் உல்ரிக் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும், பார்த்தால் அவமானத்தில் முட்டை போடுவதையே நிறுத்திவிடுவாள் என்று மார்ஜீன் வேலிக்கு மேலாக என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரித்து முடித்ததும் முகம் மாறியது. தங்கை வீட்டு மாடியறையைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம். வெள்ளை அடித்தாகிவிட்டதாம்.

என்ன நிறம் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"வெள்ளைதான் ஓரின். வெள்ளை அடிச்சான்னுதானே சொன்னேன்."

அடுத்த கூட்டம் அக்டோபரில். அன்று பெட்டினா வாசலிலேயே நின்று, யாரும் எந்த உறுப்பினருக்கும் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரையும் எச்சரித்தார். லைல் இருமியபோது தண்ணீர் கொடுக்கப்போன ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்தார்.

எங்கள் மன்றத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். பேசும் மேடையில் ஒரு சின்ன விளக்கு. பச்சையில் தொடங்கும், முடியப்போகும்போது மஞ்சள், முடிந்ததும் சிவப்பு. எங்கள் பக்கம் பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்வது பற்றி, உரம் பற்றி, சோளம் விளையும் மாநிலத்தில் கோழிக்குத் தடையா என்பது பற்றி. எல்லோரும் சிவப்பைத் தாண்டிப் பேசி மேயரின் சுத்தியல் தட்டலை வாங்கினார்கள்.

பிறகு ஆர்டித் பேசினார். சுருக்கமாகப் பேசினார். வாசனை இருக்கட்டும், அது தன்னுடைய சங்கடம், அதற்காகச் சட்டம் போட முடியாது என்றார். ஆனால் சத்தம் மற்றவர்களுடைய சங்கடம். தான் கேட்க விரும்புவது கோழி வளர்ப்பவரை அல்ல, பக்கத்து வீட்டுக்காரரை.

"அந்த வீட்டுக்கு அடுத்தாப்ல இருக்கிறவர் வந்திருக்காரா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பெட்டினாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பேசாத வேலைகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஆள்.

எழுந்து நடந்தேன். மேடைக்குப் போனேன். பெயரும் முகவரியும் சொன்னேன். அது சொல்ல முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

எனக்குச் சொல்ல வேண்டியது தெரியும். குளிரில் திறந்துவைத்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் அதோடு வேறு ஒன்றும் வெளியே வந்துவிடும், நூறு பேர் முன்னால், அவள் முன்னால். அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். உரம் பற்றி எல்லாம் பேசியாகிவிட்டது. வாயைத் திறந்தேன். மூடினேன்.

முதலில் மன்றத்தில் தொண்டைகளைச் செருமினார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அப்புறம் அதுவும் நின்றது. நான் மார்ஜீனைப் பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல்.

அப்போதுதான் ஊரின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெளியே தாழ்வாரத்தில் குளிர்பான இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, திருப்பத்தில் முறுக்கி, போனது. சர்ச் பக்கம் ஒரு நாய் குரைத்தது, அதற்கு இன்னொரு நாய் பதில் சொன்னது. யாரோ தன் வீட்டு முற்றத்தில் இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். ரயில் வந்தது. எங்கள் ஊர் ரயிலுக்கு ஹார்ன் அடிப்பதில் ஒரு குறையும் கிடையாது. இதெல்லாம் நாள்தோறும் இருக்கும் சத்தங்கள். அன்று ஒருவரும் பேசாததால் கேட்டன.

மஞ்சள் விளக்கு. நான் இன்னும் நின்றேன். சிவப்பு. மேயர் சுத்தியலைத் தூக்கினார், தட்டாமலே கீழே வைத்தார்.

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். காது எரிந்தது. தோற்றுவிட்டோம், வெள்ளையடித்த மாடியறைக்கு அவள் போகப்போகிறாள், ஒரு வாக்கியம் சொல்ல முடியாததால் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

ஆர்டித் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"கேட்டீங்களா?" என்றார். எங்களைக் கேட்கவில்லை, தன் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். "ஒரு மோட்டார் சைக்கிள், ரெண்டு நாய், ஒரு ரயில். அந்த இலை ஊதுற மெஷின் என் மருமகனோடதுன்னு நெனைக்கிறேன். எல்லாமே சட்டப்படி செல்லும்." பிறகு என்னைப் பார்த்தார். "கோழி பக்கத்துல குடியிருக்கிற மனுஷர் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்கிறார். நான் இந்த மன்றத்துல இருக்கிற இத்தனை வருஷத்துல இவ்வளவு தெளிவா யாரும் பேசிக் கேட்டதில்ல."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். பெட்டினா என் முதுகில் ஒரு அடி வைத்தார், ஒரு வாரம் வலித்தது.

ஓட்டு நான்குக்கு ஒன்று. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு லைல் பெக்ஸ்ட்ரமுடையது. அவருக்குக் கோழி பிடிக்கும், சட்டம் மாற வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அந்த ஆம்லெட் தன் மனத்தை மாற்றியிருக்குமோ என்ற சந்தேகம் தீரவில்லை, அதனால் எதிர்த்துப் போட்டுவிட்டேன் என்று வெளியே வந்து மார்ஜீனின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆர்டித் ஆதரித்துப் போட்டார், இரண்டு நிபந்தனைகளோடு. சேவல் கூடாது. கூட்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு கைகுலுக்கினார்கள். எப்படி இது தோன்றியது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. அதையும் தந்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு மார்ஜீன் தன் பிக்கப் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"யோசிச்சுத்தான் பண்ணீங்களா?"

"இல்ல. பேச்சு வரல."

"தெரியும்." அவள் சாவியைக் கையில் உருட்டினாள். "பேச்சு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். ஒரு மேப்பிள் இலை அவள் வண்டிச் சக்கரத்தடியில் பாதி மாட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, காலையில் நீங்கள் கோழிகளோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் நான் காபி குடிக்கிறேன் என்று சொன்னேன். குளிர்காலத்திலும் என்றேன். அப்புறம் ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேனோ தெரியாது. அங்கே விளக்கு இல்லை.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் சும்மா இருக்கத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

"நான் கோழிகிட்ட மட்டும் பேசுறதா நெனைச்சீங்களா?" என்றாள். "அந்த ஜன்னல் திறக்கிறப்ப கிறீச்னு ஒரு சத்தம் வரும் ஓரின். அதுக்கப்புறந்தான் நான் ஆரம்பிப்பேன்."

பிறகு வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். "நாளைக்கு நாற்காலி எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க. காபி நீங்க கொண்டு வரணும். என்னோடது நல்லா இருக்காது."

என்னுடையதும் நன்றாக இருக்காது. அதை அன்று சொல்லவில்லை.

ஆர்டித் முதல் சனிக்கிழமையே வந்தார், சுத்தம் செய்கிறோமா என்று பார்க்க. வேலிப் பக்கம் நின்றுகொண்டு, மூலையில் இன்னும் இருக்கிறது, மூலையில் இன்னும் இருக்கிறது என்று மார்ஜீனை விரட்டினார். அப்போது மிஸ் உல்ரிக் முட்டையிட்டுவிட்டு வெளியே வந்தாள். முட்டையிட்டால் அவள் சும்மா இருக்க மாட்டாள். புதுக் கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தவள் போல நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துவாள். ஆர்டித் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"அன்னைக்கு மூணு நிமிஷம் நின்னீங்களே, அதுல இது வரலையே?"

"சாயங்காலம் அவ தூங்கிடுவா," என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அதன்பின் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, சுரண்டியை மார்ஜீன் கையிலிருந்து வாங்கினார். உங்களுக்குச் சுரண்டவே தெரியவில்லை என்றார்.

பெட்டினா அடுத்த தேர்தலில் நின்று நகர்மன்ற உறுப்பினரானார், இப்போது தேனீக்களுக்காகப் போராடுகிறார். டுவேன் ஓய்வு பெற்று மூன்று கோழிகள் வளர்க்கிறார். லைல் இன்னும் யாரிடமும் முட்டை வாங்குவதில்லை. மேயர் பதவி முடிந்த மறுநாளே ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனார். ஆர்டித் போன குளிர்காலம்வரை சனிக்கிழமைகளில் வந்தார், இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், ஃபோனில் மூலைகளைப் பற்றிக் கேட்கிறார். பிஸ்கட்டும் பேன்கேக்கும் இறந்துபோயின, மஃபினுக்குக் கண் தெரியாது, மிஸ் உல்ரிக் முட்டையிடுவதை நிறுத்திவிட்டாள், கத்துவதை நிறுத்தவில்லை. வேலியில் ஒரு கதவு வைத்திருக்கிறோம். மார்ஜீன் இன்னும் பேருந்து ஓட்டுகிறாள். நான் அவளைத் திருமணம் செய்துகொண்டேன்.